ஆறாவது கல்லில் திறந்த டப்பா

டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் முறுக்கு "கலகல" என்றால் மொறுமொறுப்பாக இருக்கிறது; "தொப் தொப்" என்றால் நமத்துப்போய்விட்டது; சத்தமே வரவில்லை என்றால் டப்பா நிறைய இருக்கிறது, அசைய இடமில்லை என்று அர்த்தம். பத்து வயதில் நானே கண்டுபிடித்த விதிகள் இவை. இதில் மூன்றாவது விதி தப்பு என்று எனக்கு ஒரு மலை உச்சியில் தெரிந்தது. ஏன் தப்பாயிற்று என்பது தெரிய மேற்கொண்டு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

நாங்கள் அப்போது ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் இருந்த வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி ரவி. அப்பாவுக்குத் திருச்சி பெரிய கடை வீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. வருஷம் முழுக்க ஆணியும் கீலும் தாழ்ப்பாளுமாக நிறுத்துக்கொண்டிருக்கும் மனிதர், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆளாகிவிடுவார். விடிவதற்கு முன்னால் எழுந்து, கடைவீதி நண்பர்கள் நாலு பேரோடு துறையூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து அடிவாரத்துக்குப் போய், பச்சைமலையை நடந்தே ஏறி இறங்கி, பொழுது சாய்ந்தபின் செம்மண் அப்பிய வேட்டியோடு வீட்டுக்கு வருவார். மேலே போக ரோடு இருந்தது, எப்போதாவது ஒரு பஸ்ஸும் இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் ஏறிப் போனால் அது மலை ஏறியதாகாது என்பது அவர்கள் கட்சி. இந்த ஐந்து பேருக்கும் கடைவீதியில் "மலை செட்டு" என்று பெயர். புரட்டாசியில்தான் போவார்கள். ஒரு மழை விழுந்து மலை பச்சையாக இருக்கும் என்பது ஒரு காரணம். அந்த மாதம் யார் வீட்டிலும் "கவுச்சி" கிடையாது, ஆகவே என்ன தீனி கட்டிக்கொண்டு போவது என்கிற சண்டை பாதியாகக் குறையும் என்பது இன்னொரு காரணம்.

தீனி விஷயத்தில் செட்டுக்கு ஒரு சட்டமே இருந்தது. ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் உட்காரத் தோதாக ஆறு இடங்களில் பெரிய கற்கள் கிடந்தன. அவற்றுக்கு "மூச்சுக் கல்" என்று அவர்களே பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் ஒருவர் பொறுப்பு. முதல் கல்லில் ஒருவர் தன் மூட்டையைப் பிரித்து எல்லோருக்கும் கொடுப்பார், இரண்டாவது கல்லில் அடுத்தவர். தன் கல் வரும்வரை தன் மூட்டையை யாரும் தொடக்கூடாது. தன் கல்லில் ஒருவருக்காவது பத்தாமல் போனால் அதைவிட மானக்கேடு வேறில்லை, அடுத்த புரட்டாசி வரைக்கும் கடைவீதியில் அதைச் சொல்லிச் சொல்லியே ஆளைச் சாகடித்துவிடுவார்கள். ஐந்து பேருக்கு ஐந்து கல் போக, உச்சியில் இருந்த ஆறாவது கல்லுக்கு மட்டும் ஆள் இல்லாமல் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிந்த லீவில், "ஆறாவது கல்லுக்கு நான் வரேன்ப்பா" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். ஆனால் கேட்டதை செட்டில் போய்ச் சொல்லவும் செய்தார். அங்கே தண்டபாணி மாமா குதித்திருக்கிறார். பாத்திரக் கடைக்காரர், செட்டிலேயே மூத்தவர், பெரிய பக்திமான், நெற்றியில் நாமம் இல்லாமல் கடை ஷட்டரைத் தூக்கமாட்டார். ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளப் புள்ள, பாதி வழியில கால் வலிக்குதுன்னு உக்காந்துச்சுன்னா யாருங்க தூக்குறது? சரி, ஆசப்படுது, வரட்டும். ஆனா அது தீனிய அதுதான் தூக்கணும். ஆறாவது கல்லுல டப்பாவத் தொறந்தா ஆறு பேருக்கும் பத்தணும். ஒடஞ்சது, நமத்தது ஆவாது. இல்லேன்னா அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

அப்பாவுக்கு அது விளையாட்டு. எனக்கு அது விளையாட்டே இல்லை. தெருவில் எந்தப் பெண்ணும் மலை ஏறியதில்லை. ஒரு டப்பா தீனியில் என் தலையெழுத்து நிற்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் உச்சிக் கல்தான் ஆறிலும் கஷ்டமானது. முதல் கல்காரர் கொண்டுவருவதை அரை மணியில் காலி செய்துவிடலாம்; என் தீனி பஸ்ஸில் குலுங்கி, வெயிலில் வெந்து, மேகத்தில் நனைந்து, கடைசியில்தான் திறக்கும். எது தாங்கும்? யாரைக் கேட்டாலும் ஒன்று சொன்னார்கள். நான் பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவதென்று முடிவு செய்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மலை இருந்ததே! அப்பாவின் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை உண்டு. அவரோடு பஸ்ஸில் போய் இறங்கி, அவர் சரக்கு அடுக்கும் நேரத்தில், தோள்பையில் ஒரு பலகாரத்தைப் போட்டுக்கொண்டு மலைக்கோட்டை நானூற்றுச் சொச்சம் படியும் குடுகுடுவென்று ஏறுவேன். உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, காவிரி தெரியும் பக்கமாக உட்கார்ந்து பையைத் திறந்து, என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்து, கோடு போட்ட நோட்டில் எழுதுவேன். "உடைவு, எண்ணெய், தாகம், நமப்பு" என்று நாலு கட்டம் போட்டிருந்தேன். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே தூரத்தில் நீலமாக ஒரு மேடு தெரியும். அதுதான் பச்சைமலை என்று நானாகவே வைத்துக்கொண்டேன், யாரையும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.

அந்த மூன்று மாதத்தில் பிள்ளையாருக்குத் தெரியாத பலகாரமே இருந்திருக்காது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பெரிய மணப்பாறை முறுக்கு, பாதிப் படி ஏறுவதற்குள் பொடியாகி, திருநீறு மாதிரி பை அடியில் கிடந்தது. அதிரசம் உடையவே இல்லை, ஆனால் சுற்றியிருந்த பேப்பர், பை, என் பாவாடை மூன்றுக்கும் எண்ணெயைக் காட்டிவிட்டது. போதாததற்கு எறும்பு வேறு. கடலை மிட்டாய் வெயிலில் இளகி ஆறும் ஒன்றாகிப் பாறையாக நின்றது. பொரி உருண்டை பையை அடைத்துக்கொண்டது, தின்றால் வயிற்றை அடைக்கவில்லை. ரவா லாடு உதிர்ந்தது. மரவள்ளி வறுவலுக்குத் தாகக் கட்டத்தில் நாலு நட்சத்திரம் போட்டு, "தின்றால் தண்ணீர்ப் பானையையும் தூக்க வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தேன். தட்டை ஒன்றுதான் ஓரளவுக்குத் தேறியது, ஆனால் அதைப் போன வருஷமே தண்டபாணி மாமா தன் கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இவ்வளவையும் செய்து கொடுத்தது, அல்லது வாங்கிவரச் சொன்னது, அம்மா. அம்மாவுக்குப் பிறந்த ஊர் மணப்பாறை. அங்கே வீட்டுக்கு வீடு முறுக்குச் சுற்றுவார்கள் என்பதால் அவள் கையும் அந்தக் கைதான். நான் அடுப்படியில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்பேன். எண்ணெய் ஏன் பொங்குகிறது? முறுக்கு ஏன் சில சமயம் வெடிக்கிறது? ஏன் முக்கால் வேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெயில் போடுகிறாய்? ஓமம் எதற்கு? சூடாக டப்பாவில் போட்டால் ஏன் நமக்கிறது? அம்மா சலிக்காமல் பதில் சொல்வாள். "உள்ள ஈரம் இருந்தா வெளிய எத்தன நேரம் வெச்சாலும் நமத்துடும்டி. மொதல்ல ஈரத்த வெரட்டணும், அப்பறந்தான் செவக்க விடணும்." என் வாழ்க்கையில் நான் கற்ற முதல் விஞ்ஞானம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மணப்பாறை முறுக்கின் ருசிக்கு அந்த ஊர்த் தண்ணீரில் உள்ள லேசான உப்புத்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சொன்னால் விட்டுவிட முடியுமா? மாட்டுச் சந்தை முடிந்து வந்த தாய்மாமாவிடம் சொல்லி ஒரு கேன் நிறைய அந்த ஊர்த் தண்ணீர் கொண்டுவரச் செய்தேன். "தண்ணிக்குப் பஞ்சமில்லாத ஸ்ரீரங்கத்துக்கு மணப்பாறையில இருந்து தண்ணி தூக்கிட்டு வந்த ஒரே ஆளு நான்தான்" என்று அவர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார். அம்மா ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அந்தத் தண்ணீரிலும் இன்னொன்றை எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரிலும் பிசைந்து சுட்டாள். கண்ணைக் கட்டிவிட்டுத் தின்னக் கொடுத்தேன். ரவி இரண்டையும் தின்றுவிட்டு "இன்னும் குடு, அப்பத்தான் தெரியும்" என்றான். அப்பா மாற்றிச் சொன்னார். அம்மா ஒரு கடி கடித்ததும், கண்கட்டோடேயே, "இது எங்க ஊரு" என்றாள். மூன்று தடவை இடம் மாற்றி வைத்தேன். மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். தண்ணீர்தான் காரணமா, அம்மாதான் காரணமா என்பதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

அம்மாவும் அவ்வப்போது ஒன்றிரண்டு கேட்பாள். எல்லாம் மலையைப் பற்றித்தான். "மேல குளிருமாங்க?" என்று அப்பாவிடம் கேட்பாள். "ம்" என்பார். "வீடுங்கள்லாம் இருக்குமாங்க?" "இருக்கும், இருக்கும்." அதற்குமேல் அப்பாவுக்குச் சொல்ல வராது. செம்மண் வேட்டியைத் துவைக்கும்போது அம்மா அந்த மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பாள். நான் கறை போகிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

முடிவில் ஜெயித்தது அம்மாவின் யோசனை. பெரிய முறுக்கு உடைகிறதென்றால் ஏன் பெரிதாகச் சுற்ற வேண்டும்? "ரெண்டு சுத்து" போதும் என்றாள். கைக்குள் அடங்குகிற குட்டி முறுக்கு, இருமுறை பொரித்தது, சதுரமான பிஸ்கட் டின்னில் நெருக்கி அடுக்கினால் அசைய இடமில்லை. ஆளுக்கு ஐந்து, ஆறு பேருக்கு முப்பது. மலைக்கோட்டையில் இரண்டு ஞாயிறு சோதித்தேன், ஒன்றுகூட உடையவில்லை. அன்றைக்குப் பிள்ளையார் முன்னால் நான் போட்ட தோப்புக்கரணத்தைப் பார்த்து ஐயரே சிரித்துவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா முப்பதையும் சுட்டு ஆறவைத்தாள், நான் டின்னில் அடுக்கினேன். ஒரே ஒரு ஆபத்துத்தான் மிச்சம்: ரவி. அவன் மூக்குக்குத் தப்பிய டப்பா எங்கள் வீட்டில் கிடையாது. பரண், அரிசிப் பானை, துணிப் பெட்டி எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் கை வைக்கப் பயப்படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், சாமி அலமாரி. பெருமாள் படத்துக்குப் பின்னால் டின்னை வைத்துவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் குலதெய்வம் பெருமாள் என்பதால் அம்மா மாவிளக்குப் போட்டு, பெரிதாகக் கும்பிடுவாள். எங்களுக்கு அன்றைக்கு அரைநாள் பள்ளிக்கூடம். மத்தியானம் வந்து பார்த்தால், டின் அதே இடத்தில், மூடியில் ஒரு குங்குமப் பொட்டோடு இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்த அலமாரியில் வைத்த எதையும் அம்மா பொட்டு வைக்காமல் விட்டதில்லை. கரண்ட் பில்லுக்கும் எங்கள் பரீட்சை அட்டைக்கும் கூட வைத்திருக்கிறாள். ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று கையை நீட்டினேன். "கை கால் கழுவாம அலமாரியத் தொடாதடி" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து சத்தம் போட்டாள். கழுவி வந்தபோது சோறு போட்டுவிட்டாள், சாப்பிட்டதும் நான் மறந்துவிட்டேன்.

ஞாயிறு விடியலில் பையை அம்மாவே கட்டிவைத்திருந்தாள். அடியில் டின், மேலே இரண்டு தண்ணீர்ப் பாட்டில், துண்டு. பஸ்ஸில் டின்னை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. என் மூன்றாவது விதிப்படி எல்லாம் பத்திரம். திரும்ப அடியில் வைத்துவிட்டு, அப்பா தோளில் சாய்ந்துகொண்டேன். டின் கொஞ்சம் லேசாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. சந்தோஷத்தில் இருக்கிற பிள்ளைக்கு எடை தெரியாது.

மலையைப் பற்றி நான் சொல்லாவிட்டால் பாவம் வரும். முதல் கல் வரைக்கும் முள்ளும் வெயிலும். மூன்றாவது கல்லில் காற்று மாறியது. நாலாவதில் மேகம் காலுக்குக் கீழே போனது, நான் வாயைப் பிளந்தபடி நின்றதில் அப்பா என் பின்னந்தலையில் தட்டி நடக்கச் சொன்னார். கால் வலித்தது, செத்தாலும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐந்தாவது கல்லில் தண்டபாணி மாமா தன் சீடையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, என் பையை ஒரு பார்வை பார்த்தார். "அடுத்தது அம்மணி கல்லு" என்றார்.

ஆறாவது கல் அகலமாக, வழுவழுப்பாக, ஒரு நெல்லி மரத்தடியில் இருந்தது. ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் டின்னை நடுவில் வைத்து, ஒரு வித்தைக்காரியின் தோரணையோடு மூடியை நெம்பினேன். மேலாக வாடிய துளசி ஒரு கொத்து. அதன் கீழே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தது. அதை எடுத்தேன். இன்னும் பேப்பர். அதையும் எடுத்தேன். அடியில் ஐந்து முறுக்கு இருந்தது.

முதலில் ரவி மேல்தான் சந்தேகம் வந்தது. ஆனால் ரவியாக இருந்தால் துளசி வைத்திருக்கமாட்டான். குங்குமப் பொட்டு, துளசி, சனிக்கிழமை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, விஷயம் மண்டையில் ஏறியது: சாமி அலமாரியில் வைத்ததைச் சாமிக்கு என்று நினைத்து அம்மா படைத்துவிட்டாள், படைத்ததைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டாள். தண்டபாணி மாமா எட்டிப் பார்த்தார். ஆறு பேர், ஐந்து முறுக்கு. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போது என் வாயிலிருந்து எனக்கே தெரியாமல் ஒரு வார்த்தை விழுந்தது.

"பிரசாதம்" என்றேன்.

தண்டபாணி மாமா சட்டென்று செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அப்பா ஐந்து முறுக்கையும் துண்டு துண்டாக உடைத்து எல்லார் கையிலும் போட்டார். மாமா தன் முறுக்குத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு, "நேத்து சனிக்கெழம படைச்சதாம்மா? மலை மேல பெருமாள் பிரசாதம்! யாருக்குய்யா கெடைக்கும்?" என்றார். பிரசாதத்தில் பத்தியது, பத்தாதது ஏது? உடைந்ததைக் குறை சொல்லத்தான் முடியுமா? சட்டம் அத்தனையும் ஒரு துளசியில் அடிபட்டுப் போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன், எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. அப்பா மட்டும் கசங்கிய பேப்பரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

பிரசாதம் பக்திக்குச் சரி, பசிக்கு? ஆறு பேர் வயிறும் கூப்பாடு போட்டது. கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனோம். அங்கே ஓர் அக்கா பெரிய பானையில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரோடு ஆளுக்கு ஒரு கிழங்கும், உப்பும் பச்சைமிளகாயும் நசுக்கிய துவையலும் இலையில் வைத்துக் கொடுத்தாள். ஆவி பறக்கும் அந்தக் கிழங்கு வாயில் மாவாகக் கரைந்தது. நான் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னொன்று வைத்தாள். வருஷா வருஷம் நாங்கள் மூட்டை சுமந்து வருகிற கதையை அப்பா சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏங்க, கீழேருந்து எதுக்குத் தீனி தூக்கிட்டு வர்றீங்க? நாங்க என்ன இங்க பட்டினியாவா கெடக்குறோம்? வந்து கேட்டா குடுக்க மாட்டமா?"

அத்தனை வருஷத்தில் செட்டில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை. எனக்கும்தான். மூன்று மாதமாக எதை மேலே தூக்கிப் போகலாம் என்று ஆராய்ந்தவள், மேலே என்ன இருக்கிறது என்று ஒருவரைக் கேட்கவில்லை. மரவள்ளிக்கு நான் போட்ட நாலு நட்சத்திரத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "சாமிக்குன்னு நெனச்சுட்டேன்டி, மறந்து குடுத்துட்டேன்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் கத்தித் தீர்ப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கோதை மாமி வாசலில் வந்து நின்றார். கோயில் காரியக்காரர் வீடு. எங்கள் வீட்டுச் சோற்றைத் தொடமாட்டார், ஆனால் எண்ணெயில் பொரிந்ததற்கு விதிவிலக்கு உண்டு என்று அவராகவே ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். "ஏன்டிம்மா, உன் பொண்ணு பெருமாளுக்குன்னு பிரார்த்திச்சுண்டு பண்ணச் சொன்னாளாமே! என்ன பதம், என்ன பதம்! பேஷா கண்டருளியிருப்பார்" என்று என் கன்னத்தை வழித்துக்கொண்டார். அதற்குமேல் நான் எங்கே கத்துவது?

அடுத்த இரண்டு வருஷமும் ஆறாவது கல் எனக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் எனக்குத் தாவணி வாங்கிவந்தார்கள், அத்தோடு மலை நின்றது. அந்தப் புரட்டாசியில் அப்பா என்னை எழுப்பவில்லை, அவ்வளவுதான். விடியலில் அப்பாவுக்கு மூட்டை கட்டும் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளை. ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. கேள்வி கேட்பதற்கே சம்பளம். தண்டபாணி மாமா போனார். செட்டில் ஒவ்வொருவராகப் போய், மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவும் போனார். அம்மாவுக்கு இப்போது எழுபத்து நாலு, முழங்கால் இரண்டும் போச்சு, மேல் வரிசையில் பல் அநேகமாக இல்லை. போன ஐப்பசியில் ஊருக்கு வந்திருந்தபோது, சும்மாதான், காரில் பச்சைமலை போய்வரலாமா என்று கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாக்கெட் மணப்பாறை முறுக்கு வாங்கிக்கொண்டோம். மலை ரோட்டில் வளைவுகள் தொடங்கியதும் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள். காற்று முகத்தில் அடிக்க, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த டப்பா சாமிக்கு இல்லேன்னு எனக்குத் தெரியும்டி."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"மூணு மாசமா எத்தன கேள்வி கேட்ட? எண்ண ஏன் பொங்குது, மாவு ஏன் வெடிக்குது, தண்ணி எந்த ஊரு. ஒரு நாளாச்சும் 'நீயும் வர்றியாம்மா'ன்னு கேட்டியா? உங்கப்பாவுக்குப் பன்னெண்டு வருஷம் மூட்ட கட்டிக் குடுத்தேன், அவருந்தான் கேக்கல. அவரு ஆம்பள, விடு. நீயும் கேக்கலியேன்னு வந்துச்சு பாரு ஒரு கோவம்! சனிக்கெழம சாக்கு கெடச்சுது. தெருவுக்கே அள்ளிக் குடுத்துட்டேன்."

"அப்ப பேப்பர் எதுக்கும்மா திணிச்ச?" என்று கேட்டேன். சாமிக்குப் படைத்துவிட்டு மறந்தவள், சத்தம் வராமலிருக்கப் பேப்பர் திணிப்பாளா? தரம் பார்ப்பதே தொழிலாக இருப்பவளுக்கு முப்பத்தைந்து வருஷமாக இது உறைக்கவில்லை!

"நீ குலுக்கிப் பாப்பேன்னு தெரியாதா? தெரிஞ்சா போகாம உக்காந்து அழுவ. நீ போவணுந்தான். ஆனா எல்லாத்தையும் குடுத்து முடிச்சப்பறம், அஞ்சு பேருக்கு நடுவுல வெறும் டப்பாவ வெச்சுக்கிட்டு நீ முழிக்கிறது கண்ணுல வந்துச்சு. அடியில அஞ்சுதான் மிச்சம் இருந்துச்சு. அத வெச்சு, தொளசியப் போட்டேன். தொளசி இருந்தா அந்த நாமக்காரரு வாயத் தொறக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

என்னைக் கவிழ்க்கப் பார்த்ததும் அம்மா, தாங்கிப் பிடித்ததும் அம்மா. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. கேள்வி கேட்கிற பெண் என்று எனக்கிருந்த கர்வமெல்லாம் அந்த வளைவிலேயே இறங்கிப்போய்விட்டது.

மேலே போனோம். ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தைப் புதர் மூடிவிட்டது. நெல்லி மரம் இல்லை. ஆறாவது கல் கிடந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் கம்பி வேலி போட்ட ஒரு சிமெண்ட் மேடை இருந்தது, இளவட்டங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கு அவித்த வீடு எது என்று தெரியவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மேகம் இறங்கிவந்து எங்கள் காலைச் சுற்றி நின்றது. அம்மா குனிந்து, செம்மண்ணைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"குளிருதும்மா, போலாமா?"

"இரு. இப்பத்தான வந்திருக்கேன்."

முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து நுனியை ஒடித்துக் கேட்டாள். மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. வாயில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கையை வேலிக்கு வெளியே, மேகத்துக்குள் நீட்டினாள்.

"என்னம்மா பண்ற? நமத்துப்போயிடும்."

"நமக்கட்டும்டி. அப்பத்தான் என்னால திங்க முடியும்."

முறுக்கு நமக்க ரொம்ப நேரம் ஆகும். நானும் ஒன்றை எடுத்து, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.